மதுரை டவுனுக்குள் குடிவரப் போகிறீர்களா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு மேலமாசி வீதியில் வேலை. தினமும் திருமங்கலத்திலிருந்து பஸ்ஸில் போய் வருகிறார். எங்களுக்கு 4 வயதிலும் 9 வயதிலும் பிள்ளைகள். மாமியாருக்கு முழங்கால் வலி. டவுனுக்குள்ளேயே அபார்ட்மெண்ட் பார்த்துக் குடிவரலாமா என்று யோசிக்கிறோம். கடைவீதிக்கு நடுவில் குடும்பம் நடத்தத் தோதான கட்டிடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?
– ஒரு வாசகி, திருமங்கலம்

பதில்: ஹாலையும் சமையலறையையும் பிறகு பார்க்கலாம். கீழ்த்தளத்தில் என்ன வியாபாரம் நடக்கிறது, நீங்கள் ஏறி இறங்கப் போகும் மாடிப்படியில் வேறு யார் ஏறி இறங்குகிறார்கள் என்பதை முதலில் பாருங்கள். டவுனுக்குள் ஒரு கட்டிடம் குடும்பத்துக்கு ஆகுமா ஆகாதா என்பது முக்கால்வாசி அங்கேயே தெரிந்துவிடும்.

மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் 9 மீட்டர் உயரத்துக்கு மேல் கட்டிடம் எழுப்பக் கூடாது என்று விதி இருக்கிறது. 9 மீட்டர் என்றால் கீழ்த்தளமும் அதற்கு மேல் இரண்டு மாடியும்தான். அதனால் மாசி வீதிகளுக்குள் அபார்ட்மெண்ட் என்று புரோக்கர் காட்டுவது பெரும்பாலும் கீழே கடையும் மேலே நாலைந்து வீடுகளும் உள்ள கட்டிடமாக இருக்கும். லிஃப்ட்டை எதிர்பார்க்க முடியாது. அந்த வட்டத்துக்குள் 4வது மாடி, 5வது மாடி என்று யாராவது வீடு காட்டினால், மாநகராட்சி ஒப்புதல் கொடுத்த வரைபடத்தைக் கேளுங்கள். அனுமதியில்லாத மாடி மீது நடவடிக்கை வந்தால் முதலில் வெளியேற வேண்டியது குடியிருப்பவர்கள். மாமியாரை வைத்துப் பார்த்தால் உங்களுக்கு இரண்டு வழிதான். டவுனுக்குள் முதல் மாடிக்கு மேல் போகாதீர்கள். லிஃப்ட் கட்டாயம் வேண்டும் என்றால் வைகைக்கு வடக்கே நரிமேடு, சொக்கிகுளம், பீ.பீ.குளம் பக்கம் தேடுங்கள். அங்கிருந்து மேலமாசி வீதி டூவீலரில் போய்வரும் தூரம்தான்.

டவுனுக்குள் ஒவ்வொரு வீதிக்கும் ஒரு குணம் உண்டு. கீழமாசி வீதி மளிகை மொத்த வியாபாரம் நடக்கும் இடம். வற்றல், மல்லி மூட்டை இறங்கும் நேரத்தில் நெடி மாடி வரைக்கும் ஏறும். பிள்ளைக்கு வீசிங் இருந்தால் அந்தப் பக்கமே வேண்டாம். தெற்காவணி மூல வீதி நகைக்கடை வீதி. அதை ஒட்டிய சந்துகளில் நகைப் பட்டறை இருக்கும் கட்டிடமா என்று விசாரியுங்கள், திராவகப் புகை பிள்ளைகளின் நெஞ்சுக்கு ஆகாது. டவுன்ஹால் ரோடு, மேலப் பெருமாள் மேஸ்திரி வீதி பக்கம் லாட்ஜுகள் அதிகம். லாட்ஜும் வீடுகளும் ஒரே படியில் இருந்தால், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் எடுக்காதீர்கள். ராத்திரி பகல் பாராமல் முன்பின் தெரியாதவர்கள் ஏறி இறங்கும் படியில் 9 வயதுப் பிள்ளையைத் தனியாக அனுப்ப முடியாது. வங்கி, டாக்டர் கிளினிக், ஆடிட்டர் ஆபீஸ் கீழே இருந்தால் நல்லது. சாயங்காலத்துக்கு மேல் வாசல் உங்களுடையது.

ஜவுளிக் கடையோ குடோனோ கீழே இருந்தால் நெருப்புப் பயத்தை நினைக்க வேண்டும். 2020 தீபாவளி நாளில் விளக்குத்தூண் அருகே நவபத்கானா தெருவில் ஜவுளிக் கடையில் பிடித்த தீயை அணைக்கப் போன தீயணைப்பு வீரர்கள் 2 பேர் கட்டிடம் இடிந்து விழுந்து உயிரிழந்தார்கள். துணி பொதி நின்று எரியும். புகை மேலே போக இருக்கும் ஒரே வழி மாடிப்படிதான், நீங்கள் இறங்கி வரவும் அதே படிதான். அதனால் படிக்கட்டின் கீழே போய் நின்று பாருங்கள். மீட்டர் போர்டு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அதை ஒட்டி அட்டைப் பெட்டி, தெர்மாகோல், துணி பொதி அடுக்கியிருந்தால் அந்தக் கட்டிடத்தை விட்டுவிடுங்கள். ‘குடிவந்ததும் எடுத்துவிடுவோம்’ என்பார்கள். தீபாவளிச் சரக்கு வந்ததும் பெட்டிகள் திரும்பவும் அங்கேயே வந்து உட்கார்ந்துவிடும், கடைக்காரருக்கும் வேறு இடம் இருக்காது. மொட்டை மாடிக் கதவின் சாவி யாரிடம் இருக்கிறது என்றும் கேளுங்கள். ராத்திரி பூட்டி, சாவியை வீட்டு ஓனர் கொண்டுபோய்விட்டால் புகைக்குத் தப்பி மேலே போகவும் வழியில்லை.

ஒரே வீட்டை மூன்று நேரத்தில் போய்ப் பாருங்கள். காலை எட்டேகாலுக்குப் போனால் ஸ்கூல் வேன் எந்த முக்கு வரை வருகிறது, பிள்ளையை எவ்வளவு தூரம் கையைப் பிடித்துக் கூட்டிப் போக வேண்டும் என்பது தெரியும். சந்துக்குள் வேன் வராது, ‘வரும்’ என்று ஓனர் சொல்வதை நம்பாமல் வேன் டிரைவரையே கேளுங்கள். சாயங்காலம் ஏழு மணிக்குப் போனால் டூவீலர் நிறுத்த இடம் மிஞ்சுகிறதா என்று பார்க்கலாம். கடைக்கு வருகிறவர்கள் உங்கள் வாசலில்தான் வண்டியைப் போடுவார்கள். ராத்திரி பதினோரு மணி மூன்றாவது. மொத்த வியாபார வீதிகளில் சரக்கு லாரி இறக்குவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். படுக்கையறை வீதிப் பக்கமா பின்பக்கமா என்பது அப்போதுதான் முக்கியமாகப் படும்.

தண்ணீருக்குக் கணக்கு இருக்கிறது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது நகர வீட்டுக்கான பொதுவான அளவு. உங்கள் ஐந்து பேருக்கு 675 லிட்டர். கட்டிடத்தில் இதுபோல் ஆறு குடும்பம் என்றால் ஒரு நாளைக்கு 4,000 லிட்டருக்கு மேல் போகும். மாநகராட்சிக் குழாயில் தினமும் தண்ணீர் வராத தெரு என்றால், சம்ப் (தரைக்கு அடியில் உள்ள தண்ணீர்த் தொட்டி) குறைந்தது இரண்டு நாளைக்கு, அதாவது 8,000 லிட்டருக்காவது இருக்க வேண்டும். சம்ப் மூடியைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். சாக்கடைத் தொட்டி பக்கத்திலேயே இருந்து, சம்ப் சுவரில் கசிவுக் கறை தெரிந்தால் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. போர் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து டி.டி.எஸ்., அதாவது லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று பாருங்கள். குடிக்க 500 வரை ஏற்கலாம், 2,000-ஐத் தாண்டினால் குளித்த தலை சிக்காகும், ஹீட்டர் காயிலில் உப்புப் படியும்.

சாக்கடைத் தண்ணீர் எதிர்த்துக்கொண்டு உள்ளே வருமா என்பதை ஐப்பசி, கார்த்திகை மழையில்தான் நேராகப் பார்க்க முடியும். மற்ற மாதங்களில் கீழ்த்தளச் சுவரைப் பாருங்கள். தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் கோடு போட்ட மாதிரி பெயிண்ட் உப்பி உதிர்ந்திருந்தால் அதுவரை தண்ணீர் நின்றிருக்கிறது.

இன்னொன்று சித்திரைத் திருவிழா. சுவாமி புறப்பாடும் தேரும் மாசி வீதிகளில்தான். அந்த நாட்களில் வீதிக்குள் ஆட்டோ கூட வராது. வயதானவர் இருக்கும் வீட்டுக்கு, வெளி வீதிக்கு இறங்கும் பின் சந்து ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும்.

கடைசியாக, மொட்டை மாடிக்குப் போய்க் கொடியைப் பாருங்கள். ஸ்கூல் யூனிஃபார்ம் காய்கிறதா? இரண்டு வீட்டிலாவது பிள்ளைகள் இருந்தால் அந்தத் தாய்மார்களிடம் பத்து நிமிடம் பேசுங்கள். புரோக்கர் சொல்லாததெல்லாம் அவர்கள் சொல்வார்கள்.

கேள்வி: சிம்மக்கல் பக்கம் ஒரு ஃபிளாட்டை 8 லட்சத்துக்கு 3 வருட ஒத்திக்குத் தருகிறார்கள். மாத வாடகை இல்லை என்பதால் ஆசையாக இருக்கிறது. என்ன கவனிக்க வேண்டும்?
– ஒரு வாசகர், மேலூர்

பதில்: ஒத்தியில் ஆபத்து வீட்டில் இல்லை, பணம் திரும்பி வருவதில் இருக்கிறது. சாதாரண முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்வது இங்கே வழக்கமாகிவிட்டது. முத்திரைத் தீர்வையை மிச்சம் பிடிக்கப் பார்த்து 8 லட்சத்தை அந்தரத்தில் விடுகிறார்கள். சொத்துரிமை மாற்றுச் சட்டப்படி 100 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள அடமானம் பதிவு செய்த பத்திரமாக இருக்க வேண்டும். ஒத்தியும் அடமானம்தான். பதிவு செய்தால் வில்லங்கச் சான்றிதழில் உங்கள் பெயர் ஏறும், ஓனர் வீட்டை விற்றாலும் உங்கள் ஒத்தி உரிமை போகாது.

பணம் கொடுப்பதற்கு முன் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் போட்டுப் பாருங்கள். வங்கியில் பத்திரம் வைத்துக் கடன் வாங்கியிருந்தால் அநேகமாக அதில் தெரியும். அதோடு நிற்காமல் அசல் பத்திரத்தைக் கண்ணால் பாருங்கள். ‘லாக்கரில் இருக்கிறது, ஜெராக்ஸ் தருகிறேன்’ என்றால் அது வங்கியில் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கடன் தவணை நின்றால் வங்கி வீட்டை எடுக்கும், உங்களுக்கு முன்னால் வங்கிக்குத்தான் உரிமை. அப்பா பெயரில் உள்ள வீட்டை மகன் ஒத்திக்கு விட்டால், அப்பா இருந்தால் அவரும், இல்லாவிட்டால் வாரிசுகள் எல்லோரும் கையெழுத்திட வேண்டும். பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கடனோ டெபாசிட்டோ வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. நாளைக்கு வழக்கு என்று வந்தால் வங்கிக் கணக்குதான் உங்கள் சாட்சி.

கேள்வி: கீழவாசல் அருகே குடியிருக்கிறோம். நான்கு வீட்டுக்கும் ஒரே ஈ.பி. மீட்டர். ஓனர் தனியாகச் சின்ன மீட்டர் வைத்து யூனிட் கணக்கில் வசூலிக்கிறார். அட்வான்ஸும் 10 மாத வாடகை. இதெல்லாம் சரியா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: உங்களுக்கு நஷ்டம். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது ஒரு இணைப்புக்கு. நான்கு குடும்பமும் ஆளுக்கு 200 யூனிட் ஓட்டினால் மீட்டர் 800 காட்டும். 500-ஐத் தாண்டிவிட்டால் தொடக்க யூனிட்டுகளின் கட்டணமும் கூடிவிடும். தனித்தனி இணைப்பு என்றால் ஒவ்வொரு வீடும் 100 யூனிட்டுக்கு மட்டும், அதுவும் குறைந்த விகிதத்தில் கட்டியிருக்கும். தனிச் சமையலறை உள்ள வீட்டுக்குத் தனி இணைப்பு வாங்கித் தரும்படி கேளுங்கள். பில்லில் கட்டண வகையையும் பாருங்கள், 1ஏ என்றால் வீடு, 5 என்றால் கடை. கீழே கடை உள்ள கட்டிடங்களில் வீட்டுக்கும் கடைக் கட்டணம் ஓடிக்கொண்டிருப்பது உண்டு.

அட்வான்ஸைப் பொறுத்தவரை, 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாடு வாடகைச் சட்டம் 3 மாத வாடகை என்கிறது. ஆனால் இரு தரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொண்டு எழுதினால் அது செல்லும். 10 மாதத்துக்கு நீங்களே கையெழுத்துப் போட்டிருந்தால் இப்போது வாதாட முடியாது. அடுத்த ஒப்பந்தம் எழுதும்போது குறைக்கச் சொல்லுங்கள். தகராறு வந்ததற்காகத் தண்ணீரையோ மின்சாரத்தையோ ஓனர் நிறுத்தினால் வாடகை அதிகார அமைப்பிடம் புகார் கொடுக்கலாம்.

கேள்வி: 2 வயதுக் குழந்தை. 2வது மாடி பால்கனிக்கு முழுக் கிரில் போடலாமா?
– ஒரு வாசகர், முனிச்சாலை

பதில்: போடுங்கள். கம்பிகளுக்கு நடுவே 4 அங்குலத்துக்கு மேல் இடைவெளி கூடாது, அதற்கு மேல் போனால் குழந்தையின் தலை நுழையும். கம்பி நெடுக்காக இருக்கட்டும், குறுக்குக் கம்பி ஏணியாகிவிடும். கிரில்லில் பெரியவர் ஒருவர் வெளியேறும் அளவுக்கு, 2 அடிக்கு இரண்டரை அடியில், திறக்கும் கதவு ஒன்று வையுங்கள். சாவியைக் குழந்தைக்கு எட்டாமல், பால்கனிக் கதவுக்குப் பக்கத்திலேயே ஆணியில் மாட்டுங்கள். புகை சூழ்ந்த நேரத்தில் பீரோவைத் திறந்து சாவி தேட முடியாது.