மைக்ரோவா, மேக்ரோவா: முதலில் எதை எடுப்பது?

கோவையில் பி.காம். முதல் வருடம். இந்த செமஸ்டரில் எகனாமிக்ஸில் மைக்ரோ (தனி வீடு, கம்பெனி, சந்தை பற்றியது), மேக்ரோ (நாட்டின் மொத்தப் பொருளாதாரம் பற்றியது) இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும். கணக்கு என்றால் பயம், பின்னால் பேங்க் பரீட்சை எழுதும் எண்ணமும் உண்டு. கேள்வி இதுதானுங்களே? மைக்ரோவை எடுங்க.

நான் எகனாமிக்ஸ் படித்துவிட்டு திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் காஸ்டிங், அதாவது செலவுக் கணக்கு, பார்க்கிறேன். மேக்ரோ சுலபம் என்று சீனியர்கள் சொல்வதற்குக் காரணம், ஜிடிபி (நாட்டின் மொத்த உற்பத்தி), பணவீக்கம், ரெப்போ (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி) எல்லாம் தினமும் பேப்பரில் வருகிறது. காதில் விழுந்த வார்த்தை புரிந்த மாதிரியே இருக்கும். அவ்வளவுதான்.

மைக்ரோவில் ஒரே ஒரு விஷயத்தை ஒழுங்காகப் பிடித்தால் போதும்: நெகிழ்ச்சி, அதாவது விலை மாறினால் வாங்கும் அளவும் விற்கும் அளவும் எவ்வளவு மாறும் என்பது. நாமக்கல் முட்டையைப் பாருங்க. புரட்டாசி பிறந்தால் பல வீடுகளில் கவுச்சி கிடையாது. கோழிக்குப் புரட்டாசி தெரியுமா? அது பாட்டுக்கு முட்டை போடும். இருபது வாரம் தீனி போட்டு முட்டைக்குக் கொண்டுவந்த கோழியை ஒரு மாத மந்தத்துக்காக யாரும் கழித்துவிட மாட்டார்கள். முட்டையையும் ரொம்ப நாள் வைத்திருக்க முடியாது, விலையைக் குறைத்துத் தள்ளியாக வேண்டும். ஈரோட்டு மஞ்சள் கதை வேறு. ஏலத்தில் கேட்ட விலை பிடிக்கவில்லை என்றால் விரலியும் கிழங்கும் மூட்டையாகக் குடோனுக்குப் போய்விடும், வருடம் தாண்டிக்கூடக் கிடக்கும். இரண்டுக்கும் கேட்பவர் குறைந்தால் முட்டையில் விலை சரியும், மஞ்சளில் சரக்கு பதுங்கும். புத்தகத்தில் இரண்டு அளிப்புக் கோடாக (எந்த விலைக்கு எவ்வளவு விற்க வரும் என்று காட்டுவது) போட்டிருப்பது இதைத்தான். முட்டையின் கோடு கிட்டத்தட்ட செங்குத்தாக நிற்கும், மஞ்சளின் கோடு படுத்திருக்கும்.

இது பிடிபட்டால் மேக்ரோ செய்தியும் பாதி விளங்கும். 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குகள் பலவற்றின் மேல் அமெரிக்க வரி 50 சதவீதம் ஆனது. அந்த வரியைக் கட்ட வேண்டியவர் அங்கே இறக்குமதி செய்பவர். அப்புறம் ஏன் திருப்பூர் அலறியது? அதே டீ-சர்ட் பங்களாதேஷிலும் வியட்நாமிலும் கிடைக்கும். அங்கே வாங்கும் பையருக்கு வேறு கடை உண்டு, தையல் மெஷின் வாங்கிப் போட்டவருக்கு வேறு தொழில் கிடையாது. யாரால் விலக முடியாதோ அவர் தலையில்தான் வரிச்சுமை இறங்கும். பையர் தள்ளுபடி கேட்டு மெயில் போடுவதற்குப் பின்னால் இருப்பது முழுக்க மைக்ரோ.

கணக்குப் பயத்தை விடுங்க. அறிமுக வகுப்புக்குச் சதவீதமும் ஒரு கோட்டின் சாய்வும் தெரிந்தால் பெரும்பாலும் ஓட்டிவிடலாம். ‘இறுதிநிலைச் செலவு’ என்று மிரட்டுவார்கள். கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் ஓட்டலாமா என்று முதலாளி யோசிப்பதுதான் அது. கட்டட வாடகை எப்படியும் போகும், அதைக் கணக்கில் சேர்க்க மாட்டார். அந்த அரை ஷிப்ட்டுக்கான கூலியும் கரண்ட் பில்லும் நூல், துணிச் செலவும் கூடுதல் பீஸ்களின் விலையில் தேறுமா என்று மட்டும் பார்ப்பார்.

மைக்ரோ படித்துவிட்டால் மேக்ரோ அதைப் பெரிதாக்கியதுதான் என்று மட்டும் நினைத்துவிடாதீங்க. அங்கேயும் கீழ்நோக்கிச் சரியும் ஒரு கோடு வரும், மொத்தத் தேவை என்று, அதாவது நாட்டில் எல்லாப் பொருளுக்கும் சேர்த்த தேவை. பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் காரணம் வேறு. மைக்ரோவில் முட்டை விலை ஏறினால் வேறு எதையாவது வாங்கலாம். எல்லா விலையும் சேர்ந்து ஏறினால் எதற்கு மாறுவது? பரீட்சையில் பலர் இங்கேதான் வழுக்குவார்கள். இன்னொன்று, சிக்கனம். நம்ம பக்கம் அதற்குப் பேர் போனது. ஒரு வீடு செலவைச் சுருக்கினால் காசு சேரும். மந்தமான நேரத்தில் எல்லா வீடும் சேர்ந்து சுருக்கினால் கடையில் வியாபாரம் படுத்து, வருமானமே குறையும். கெய்ன்ஸ் என்ற பொருளியல் அறிஞர் 1936-இல் வலியுறுத்திய இந்த விஷயத்தை மைக்ரோ வகுப்பு சொல்லித்தராது.

வாழ்க்கையில் ஒரே ஒரு எகனாமிக்ஸ் பேப்பர்தான், அடுத்து எடுக்கவே போவதில்லை, பேங்க் பரீட்சையும் சீக்கிரமே எழுதப் போகிறீர்கள் என்றால் மட்டும் மேக்ரோ. ரெப்போ, 4 சதவீதப் பணவீக்க இலக்கு, பட்ஜெட் பற்றாக்குறை என்று அங்கே கேட்பதெல்லாம் அந்தப் பக்கம்தான். மற்றபடி இப்போது மைக்ரோவை எடுத்துக்கொண்டு, லீவில் தமிழ்நாடு பிளஸ் டூ பொருளியல் புத்தகத்தில் பணம், வங்கி, நிதி பற்றிய பாடங்களைப் படித்துவிடுங்க. தமிழிலேயே இருக்கிறது, இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம்.