எந்த டெக்கை எடுத்துப் போவது?

அன்புள்ள அண்ணா,

நான் கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறேன். கார்டு விளையாட்டுகளைப் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் படிப்பவன். எங்கள் ஊர்க் கடையில் நடந்த தகுதிப் போட்டியில் ஜெயித்து, அடுத்த மாதம் மேஜிக்: தி கேதரிங் ரீஜனல் சாம்பியன்ஷிப்பில் ஆடப் போகிறேன். மாடர்ன் ஃபார்மட். மூன்று வருடமாக அமுலெட் டைட்டன் என்ற டெக்கைத்தான் (கார்டுக் கட்டு) ஆடிவருகிறேன், தகுதி பெற்றதும் அதை வைத்துத்தான். ஆனால் கூட ஆடும் நண்பர்கள் போரோஸ் எனர்ஜி என்ற டெக்குக்கு மாறச் சொல்கிறார்கள். அதிகம் பேர் ஆடுவதும் அதிகம் ஜெயிப்பதும் அதுதான் என்பது அவர்கள் வாதம். இன்னொருவர், "எல்லோரும் எனர்ஜியோடுதான் வருவார்கள், நீ எனர்ஜியை அடிக்கிற டெக்கை எடு" என்கிறார். கார்டுகளை இரவல் தரவும் ஆள் இருக்கிறது. மூன்று பேச்சும் சரி என்றே படுகிறது. நீங்கள் என்றால் எதை எடுப்பீர்கள்?

ஒரு வாசகர், ஸ்காபரோ

அன்புள்ள தம்பி,

வாழ்த்துகள். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அமுலெட் டைட்டனையே எடுத்துப் போங்கள். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் நண்பர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. மேஜிக் 1993-ல் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் உருவாக்கிய விளையாட்டு. மாடர்ன் என்பது எந்தக் கார்டுகளை ஆடலாம் என்று வரையறுக்கும் போட்டிவகை. அதற்கு ஆளுக்கு ஒரு டெக், குறைந்தது 60 கார்டு. அதற்கு வெளியே சைட்போர்டு என்று 15 கார்டு வரை வைத்துக்கொள்ளலாம். ஒரு ரவுண்டு என்பது மூன்றில் இரண்டு ஆட்டம் ஜெயிப்பது. முதல் ஆட்டம் முடிந்ததும் எதிராளிக்குத் தகுந்தபடி சைட்போர்டிலிருந்து கார்டுகளை மாற்றிக்கொள்ளலாம். நிலக் கார்டுகள் மானா தரும், அதைச் செலவழித்துத்தான் ஜீவன்கள் போன்ற மற்ற கார்டுகளை இறக்க வேண்டும். ஒருவர் ஆடும் முறை ஒரு டர்ன்.

முதலில் அந்த 'எனர்ஜியை அடிக்கிற டெக்' யோசனையைப் பார்ப்போம். கேட்கும்போது புத்திசாலித்தனமாக இருக்கிறது, கணக்குப் போட்டால் நிற்பதில்லை. வருபவர்களில் ஐந்தில் ஒருவர் எனர்ஜி ஆடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் டெக் எனர்ஜியிடம் நூற்றுக்கு 60 ஜெயிக்கிறது, மற்ற எல்லோரிடமும் 45. சேர்த்துப் பார்த்தால் 48 வருகிறது. அதாவது எல்லோரும் பயப்படும் டெக்கை அடித்துவிட்டு, மொத்தத்தில் பாதிக்கும் கீழே நிற்கிறீர்கள். ஒன்பது ரவுண்டு ஆடினால் சராசரியாக இரண்டு எனர்ஜி ஆட்டக்காரர்கள்கூட முழுதாக எதிரே வருவதில்லை. ஏழெட்டுப் பேரில் ஒருவருக்கு ஒரு எனர்ஜிகூட அமையாது. ஸ்விஸ் முறையில் ஜெயித்தவர் ஜெயித்தவரோடு மோதுவதால் மேலே போகப் போக எனர்ஜி கூடுதலாக இருக்கும் என்று நண்பர் சொல்லலாம். உண்மைதான். ஆனால் அந்த மேல் மேசைகளுக்குப் போகும் வழியில் உட்கார்ந்திருப்பவர்கள் மற்ற டெக்குகளோடு வந்தவர்கள்.

சரி, பலமான டெக்கையே எடுத்துவிட்டால் என்ன? இங்கேதான் பழைய போட்டிகளைப் பார்க்க வேண்டும்.

2016 பிப்ரவரியில் அட்லான்டாவில் நடந்த ப்ரோ டூர் என்ற உயர்மட்டப் போட்டி. எல்ட்ராசி என்ற வகை ஜீவன்களுக்கென்றே இரண்டு நிலங்கள் கிடைத்தன. ஐ ஆஃப் உகின், நிறமற்ற எல்ட்ராசி ஒவ்வொன்றின் விலையிலும் இரண்டு மானாவைக் குறைக்கும். எல்ட்ராசி டெம்பிள், எல்ட்ராசிக்காக இரண்டு மானா தரும். நான்கு மானா விலையுள்ள தாட்-நாட் சீயர் இரண்டாவது டர்னிலேயே இறங்கி, எதிராளியின் கையைப் பார்த்து, இருப்பதிலேயே நல்ல கார்டை எடுத்து வெளியே போட்டுவிடும். கடைசி எட்டுப் பேரில் ஆறு பேர் எல்ட்ராசி, பட்டம் வென்ற ஜியாசென் டாவ் உட்பட. ஏப்ரலில் ஐ ஆஃப் உகின் தடை செய்யப்பட்டது. அப்படியொரு டெக் கையில் இருந்தால் மூன்று வருடப் பழக்கத்தையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு அதைத்தான் ஆட வேண்டும்.

2019 ஜூலை, பார்சிலோனா மிதிக் சாம்பியன்ஷிப், இதுவும் உயர்மட்டப் போட்டிதான். அப்போது ஹோகாக் காலம். ஹோகாக் என்பது 8/8 ஜீவன் (அடிக்கும் பலம் 8, தாங்கும் பலம் 8). அதற்கு மானாவே செலவழிக்க முடியாது. மேசையில் இருக்கும் ஜீவன்களை டேப் செய்தும் (பயன்படுத்தியதன் அடையாளமாகச் சாய்த்து வைப்பது), கிரேவ்யார்டில் (பயன்பட்டு முடிந்த கார்டுகளின் குவியல்) கிடக்கும் கார்டுகளை எக்ஸைல் செய்தும்தான் (ஆட்டத்திலிருந்தே அகற்றுவது) இறக்க வேண்டும். கிரேவ்யார்டிலிருந்தே இறக்கலாம் என்பது இன்னும் கொடுமை. பலம் என்று பார்த்தால் அதுதான் முதல் டெக், அதிகம் பேர் ஆடியதும் அதைத்தான். ஆனால் அட்லான்டா போல இது ரகசியமில்லை, அரங்கில் எல்லோருக்கும் தெரியும். கிரேவ்யார்டுக்குப் போகும் கார்டுகளை அப்படியே எக்ஸைல் செய்யும் லெய்லைன் ஆஃப் தி வாய்டை ஏராளமானவர்கள் கொண்டுவந்திருந்தார்கள். பட்டத்தைத் தட்டிக்கொண்டு போனது ஜெர்மனியின் தோரால்ஃப் செவெரின், ட்ரான் டெக்கை வைத்து. உர்சாவின் மூன்று நிலங்களைச் சேர்த்து மூன்றாவது டர்னில் ஏழு மானா எடுத்து கார்ன் என்ற பெரிய கார்டை இறக்குகிற, கிரேவ்யார்டை நம்பாத அந்த டெக்குக்கு எதிரே லெய்லைன் வெறும் காகிதம்தான்.

உடனே 'அதிகம் பேர் ஆடும் டெக் ஜெயிக்காது' என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 2024-ல் ஆம்ஸ்டர்டாம் ப்ரோ டூரில் அதிகம் பேர் ஆடியது நாடு என்ற பறவையை வைத்துக் கட்டிய டெக். சைமன் நீல்சன் பட்டம் வென்றதும் அதே டெக்கால்தான். அந்த ஆகஸ்டிலேயே நாடு கார்டு தடையானது. ஹோகாக்குக்கும் போட்டி முடிந்த அடுத்த மாதமே தடை வந்தது.

எனர்ஜி இந்த ரகம் இல்லை என்பது என் எண்ணம். நல்ல டெக்தான், ஆடுபவர் சின்னத் தப்பு பண்ணினாலும் தாங்கும் டெக். ஆனால் அது ஜெயிப்பது மலிவான, நல்ல ஜீவன்களை வரிசையாக இறக்கி அடித்து. என்ன செய்யப் போகிறது என்று உங்களுக்குத் தெரியும், எதிர்த்து நிற்கவும் வழி இருக்கிறது. அப்புறம், உங்கள் நண்பர்கள் யோசிக்காத ஒன்று: நீங்கள் எனர்ஜிக்கு மாறினால், அங்கே அதிகம் சந்திக்கப்போவது எனர்ஜியை நெடுநாளாக ஆடும் இன்னொரு எனர்ஜி ஆட்டக்காரரை. அந்த மேசையில் பழக்கம் குறைந்தவர் நீங்களாகத்தான் இருப்பீர்கள். பந்தி போடும் நேரத்தில் சமையல்காரரை மாற்றுகிற வேலை இது.

பழக்கம் என்றால் என்ன என்று உங்கள் டெக்கிலிருந்தே காட்டுகிறேன். எனர்ஜிக்காரர்கள் உங்களுக்கு எதிராக பிளட் மூன் என்ற கார்டைக் கொண்டுவரக்கூடும். மூன்று மானா. அது இறங்கியதும் பேசிக் (அடிப்படை நிலம்) அல்லாத எல்லா நிலமும் மலையாகிவிடும், சிவப்பு மானா மட்டும்தான் வரும். உங்கள் டெக்கின் முக்கிய ஜீவனான ப்ரைமீவல் டைட்டனுக்கு வேண்டிய இரண்டு பச்சை மானாவுக்கு எங்கே போவது? புதிதாக ஆடுபவர் அங்கேயே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். உங்களுக்கு, ஃபாரஸ்ட் என்ற பேசிக் நிலம் ஒன்று மேசையில் இருந்தால் போதும் என்பது தெரியும். ஃபாரஸ்டிலிருந்து பச்சை, ஏதோ ஒரு மலையிலிருந்து இன்னொரு மானா. கையிலிருக்கும் போசேஜு என்ற நிலத்தை சேனல் செய்து (இறக்காமல் கையிலிருந்தே போட்டுப் பயன்படுத்துவது) மூனை உடைத்துவிடலாம். போசேஜு கையில் இருக்கும்வரை மூன் அதைத் தொடாது. இதைப் படித்துத் தெரிந்துகொள்வது சுலபம். ஆனால் இரண்டாவது டர்னில், மூன் வருமா வராதா என்று தெரியாத நேரத்தில், இறங்கினால் ஒரு நிலத்தைக் கைக்குத் திருப்ப வேண்டிய சிமிக் குரோத் சேம்பரை இறக்கும்போது, கைக்கு எடுக்கும் நிலம் ஃபாரஸ்டாக இருக்கக் கூடாது என்று தானாகத் தோன்றுகிறதே, அது மூன்று வருடத்தில் வந்தது. இரவல் டெக்கோடு அது வராது.

நேரத்தையும் மறந்துவிடாதீர்கள். ரவுண்டுக்கு 50 நிமிடம், அதற்கு மேல் ஐந்து டர்ன். ஜெயித்தால் 3 புள்ளி, டிரா என்றால் 1. டைட்டன் இறங்கும் டர்னில் எந்த நிலத்தைத் தேடுவது, எதை எடுப்பது என்று புதிதாகக் கணக்குப் போடுபவருக்கு அந்த ஒரு டர்னே பல நிமிடத்தைத் தின்றுவிடும். உங்கள் கை தானாகவே போகும்.

மிச்சமிருக்கும் ஒரு மாதத்தை முழுக்க அந்த 15 கார்டுகளுக்குக் கொடுங்கள். ஒரு ரவுண்டு இரண்டு ஆட்டத்தில் முடிந்தால் ஒன்று, மூன்றுக்குப் போனால் இரண்டு, சைட்போர்டுக்குப் பிறகு ஆடுவது. ஆனாலும் பலர் முதல் ஆட்டத்தையே திரும்பத் திரும்ப ஆடிவிட்டுப் பயிற்சி முடிந்தது என்கிறார்கள். எனக்கு இது வருத்தமாகவே இருக்கும். நண்பர்களை எனர்ஜியோடு உட்காரவைத்து, இரண்டு பக்கமும் சைட்போர்டை மாற்றிய பிறகே ஆரம்பியுங்கள். முக்கியமான ஒவ்வொரு டெக்குக்கும் எது உள்ளே, எது வெளியே என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஆறு கார்டை உள்ளே கொண்டுவர ஆசைப்பட்டு, வெளியே எடுக்க நான்குதான் கிடைக்கிறது என்றால் அந்த இரண்டு இடம் வீண். அதை வேறொரு டெக்குக்குக் கொடுங்கள். ஒரே கார்டில் நான்கு வைத்தால், தொடக்கத்தில் கைக்கு வரும் ஏழு கார்டில் ஒன்றாவது வர நூற்றுக்கு 40 வாய்ப்பு, இரண்டு வைத்தால் 22. அந்தக் கார்டு ஆரம்பத்திலேயே கையில் வேண்டுமா, பின்னால் வந்தால் போதுமா என்று பார்த்து எண்ணிக்கையை முடிவுசெய்யுங்கள். அந்தத் தாளைப் போட்டிக்கும் எடுத்துப் போங்கள், இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே பார்த்துக்கொள்ள விதியில் இடமுண்டு.

இரண்டு விஷயம் நடந்தால் என் பேச்சை விட்டுவிடலாம். ஒன்று, அதற்குள் தடைப்பட்டியல் மாறி, எல்லாமே புதிதாகத் தொடங்குவது. இன்னொன்று, சைட்போர்டுக்குப் பிறகான ஆட்டங்களை நிறைய ஆடிப் பார்த்தும் எனர்ஜியிடம் மூன்றில் ஒன்றுகூடத் தேறாமல் போவது. அப்போது இரவல் கார்டுகளை வாங்கிக்கொள்ளுங்கள், குறைந்தது இரண்டு வாரமாவது கையில் இருக்கும்போதே.

டெக் லிஸ்டை அனுப்புவதற்கு முன் வேறொருவரை விட்டு 60-ஐயும் 15-ஐயும் எண்ணச் சொல்லுங்கள். லிஸ்டும் டெக்கும் ஒத்துப்போகவில்லை என்றால் ஒரு ஆட்டத்தையே இழக்க வேண்டிவரலாம்.

அன்புடன்.