காலாவதியான கணக்குக்கு மெயில் எப்படிப் போகிறது? – கணினி கேள்வி பதில்

இந்த முறை ஒரே விஷயத்தைச் சுற்றி வந்த கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஆபீஸ் சர்வரில் ஊழியர்களின் லாகின் கணக்குகளை வைத்திருக்கும் ஆக்டிவ் டைரக்டரியை, மெயில் போன்றவை கிளவுடில் இருக்கும் மைக்ரோசாஃப்ட் 365-உடன் இணைப்பது பற்றிய கேள்விகள் இவை. இந்த இணைப்பைச் செய்யும், முன்பு அஸூர் ஏடி கனெக்ட் என்று அழைக்கப்பட்ட மென்பொருள்தான் 2023-க்குப் பிறகு என்ட்ரா கனெக்ட் ஆகியிருக்கிறது. பெயர் மாறினாலும் வேலை அதேதான், அதனால் பழைய பெயரில் கேட்டவர்களுக்கும் இந்தப் பதில்கள் பொருந்தும்.

எங்கள் கல்லூரியில் சுமார் 600 கணக்குகள் ஆக்டிவ் டைரக்டரியில் இருக்கின்றன. அவற்றை மைக்ரோசாஃப்ட் 365-உடன் இணைக்க வேண்டும் என்றதும், "எல்லாருடைய பாஸ்வேர்டையும் வெளியே அனுப்பப் போகிறீர்களா?" என்று முதல்வர் கேட்கிறார். நான் என்ன சொல்வது?
– கல்லூரி கணினிப் பிரிவு ஊழியர்

உங்கள் முதல்வர் சரியான கேள்விதான் கேட்டிருக்கிறார். பாஸ்வேர்ட் வெளியே போவதில்லை என்று தைரியமாகச் சொல்லலாம், ஆனால் ஏன் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அவருக்கு நம்பிக்கை வராது.

உங்கள் சர்வரிலேயே பாஸ்வேர்ட் எழுதியபடி கிடக்கவில்லை. எம்டி4 என்ற முறையில் அரைத்தெடுத்த 16 பைட் ஹேஷ் மட்டும்தான் அங்கே இருக்கிறது. அரைத்த மாவிலிருந்து அரிசியைத் திரும்ப எடுக்க முடியாது. ஆனால் எம்டி4 ரொம்பப் பழைய முறை, வேகமானதும் கூட, அதனால் எளிதான பாஸ்வேர்டாக இருந்தால் ஒருவன் லட்சக்கணக்கான சொற்களை அரைத்துப் பார்த்து எது ஒத்துப்போகிறது என்று கண்டுபிடித்துவிடலாம். என்ட்ரா கனெக்ட் அந்த ஹேஷை அப்படியே அனுப்பாததற்கு இதுதான் காரணம். 16 பைட்டை முதலில் 64 பைட்டாக நீட்டி, ஒவ்வொரு கணக்குக்கும் தனியாக 10 பைட் 'உப்பு' (தற்செயலாக எடுத்த தரவு) சேர்த்து, பிபிகேடிஎஃப்2 என்ற முறையில் 1,000 தடவை மறுபடி அரைக்கிறது. கடைசியில் கிடைக்கும் 32 பைட்டும் அந்த உப்பும்தான் டிஎல்எஸ் பாதுகாப்போடு கிளவுடுக்குப் போகின்றன. இரண்டு பேர் ஒரே பாஸ்வேர்ட் வைத்திருந்தாலும் உப்பு வேறு என்பதால் அங்கே இருப்பது வேறு வேறாக இருக்கும். அதை யாராவது திருடினாலும் அதை வைத்து உங்கள் ஆபீஸ் நெட்வொர்க்கில் நுழைய முடியாது.

அதுகூட வேண்டாம் என்று நிர்வாகம் பிடிவாதமாக இருந்தால் பாஸ்-த்ரூ என்ற வழி இருக்கிறது. அதில் ஹேஷ் எதுவும் கிளவுடில் தங்காது, ஒவ்வொரு லாகினையும் உங்கள் சர்வர்தான் சரிபார்க்கும். அப்புறம் கல்லூரியில் மின்சாரமோ இன்டர்நெட்டோ போனால் வீட்டில் இருக்கும் ஆசிரியராலும் மெயிலுக்குள் நுழைய முடியாது. என்னைக் கேட்டால் 600 கணக்குள்ள இடத்துக்கு மேலே சொன்னபடி ஹேஷை அனுப்பும் ஹேஷ் சிங்க் முறையே போதும்.

நான் கவலைப்படும் இடம் வேறு. ஹேஷை எடுக்க வேண்டும் என்றால், ஒரு டொமைன் கன்ட்ரோலர் (ஆக்டிவ் டைரக்டரியை நடத்தும் சர்வர்) இன்னொன்றிடம் கேட்பது போலக் கேட்கும் உரிமை என்ட்ரா கனெக்ட்டுக்கு வேண்டும். அதற்காக ஆக்டிவ் டைரக்டரியில் ஒரு கணக்கு இருக்கும், எக்ஸ்பிரஸ் முறையில் நிறுவியிருந்தால் அதன் பெயர் எம்எஸ்ஓஎல் என்று தொடங்கும். அந்த சர்வரைக் கைப்பற்றியவன் கல்லூரியில் உள்ள எல்லா ஹேஷையும் எடுத்துவிடலாம். அதனால் அதே மெஷினில் பிரின்டர் சாஃப்ட்வேர், டேலி, ஆன்டிவைரஸ் கன்சோல் என்று எதையும் ஏற்றாதீர்கள். டொமைன் கன்ட்ரோலருக்கு எவ்வளவு காவலோ அவ்வளவு காவல் இதற்கும் வேண்டும்.

யூசரின் பாஸ்வேர்டை ரீசெட் செய்து கொடுத்தேன். கம்ப்யூட்டரில் வேலை செய்கிறது, மெயிலில் ஏற்கவில்லை. 30 நிமிடம் ஆகும் என்றார்கள், மூன்று மணி நேரம் காத்திருந்தும் பயனில்லை.
– ஹெல்ப்டெஸ்க் பணியாளர்

30 நிமிடம் என்பது பெயர், பதவி, குரூப் போன்ற மற்ற விவரங்களுக்கு. பாஸ்வேர்டுக்குத் தனி ஓட்டம், அது 2 நிமிடத்துக்கு ஒருமுறை நடக்கும். மூன்று மணி நேரம் ஆகியும் வரவில்லை என்றால், ரீசெட் செய்யும்போது 'அடுத்த லாகினில் பாஸ்வேர்டை மாற்ற வேண்டும்' என்ற டிக்கைப் போட்டிருப்பீர்கள் என்றே நினைக்கிறேன். அந்த டிக் இருந்தால் அது தற்காலிக பாஸ்வேர்ட். தற்காலிக பாஸ்வேர்டை என்ட்ரா கனெக்ட் இயல்பாக அனுப்பாது, அதனால் கிளவுடில் இன்னும் பழைய பாஸ்வேர்டே இருக்கும்.

ஆபீஸுக்கு வருபவர் என்றால் தன் கம்ப்யூட்டரில் லாகின் செய்து புதியதை வைத்ததும் இரண்டு நிமிடத்தில் மெயிலும் சரியாகிவிடும். வீட்டிலிருந்து வேலை செய்பவருக்குத்தான் சிக்கல். அவர்களுக்காகத் தற்காலிக பாஸ்வேர்டையும் அனுப்பச் சொல்லும் ஒரு அமைப்பு இருக்கிறது, ஆனால் யூசர் கிளவுடில் மாற்றுவது திரும்ப ஆபீஸ் சர்வருக்கு வரவேண்டும் என்பதால் பாஸ்வேர்ட் ரைட்பேக்கும் கூடவே இயங்க வேண்டும். அதற்கு மைக்ரோசாஃப்டின் கிளவுட் கணக்குச் சேவையான என்ட்ராவின் பி1 லைசன்ஸ் தேவை. பிசினஸ் பிரீமியம் திட்டம் வைத்திருந்தால் அது ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, பணம் கட்டிவிட்டுப் பயன்படுத்தாமல் இருக்கும் ஆபீஸ்கள் நிறைய.

பாஸ்வேர்ட் போனதா இல்லையா என்று ஊகிக்க வேண்டியதில்லை. என்ட்ரா கனெக்ட் சர்வரில் ஈவென்ட் வியூவரைத் திறந்து அப்ளிகேஷன் லாகில் 656, 657 என்ற எண்களைத் தேடுங்கள். 656 என்றால் அனுப்பக் கேட்டது, 657 என்றால் அதன் முடிவு. யூசரின் பெயர் அதிலேயே இருக்கும். 611 கண்ணில் பட்டால் சிங்க்கே தவறிவிட்டது என்று பொருள், அப்போது இணைப்பையும் அந்தக் கணக்கின் உரிமைகளையும் பாருங்கள்.

சிங்க் முடிந்ததும் எல்லாருடைய லாகின் பெயரும் 'ஆன்மைக்ரோசாஃப்ட் டாட் காம்' என்று முடிகிறது. ஏன்?
– ஒரு வாசகி

உங்கள் டொமைன் பெயர் 'டாட் லோக்கல்' என்று முடிகிறதா? அதை இன்டர்நெட்டில் யாராலும் பதிவு செய்ய முடியாது, அதனால் கிளவுட் அதை ஏற்காமல் தன் பெயரைப் போட்டுவிடுகிறது. டொமைனையே மாற்ற வேண்டியதில்லை. நீங்கள் வாங்கி வைத்திருக்கும் மெயில் டொமைனை மைக்ரோசாஃப்ட் 365-இல் உறுதிசெய்துவிட்டு, அதையே ஆக்டிவ் டைரக்டரியில் மாற்று யூபிஎன் சஃபிக்ஸாக (லாகின் பெயரில் @-க்குப் பின் வரும் பகுதி) சேர்த்து, யூசர்களுக்கு அதை ஒதுக்குங்கள். சிங்க்குக்கு முன்னால் செய்திருந்தால் இன்னும் சுலபம்.

ஒப்பந்த ஊழியர் ஒருவருக்குக் கணக்கு முடியும் தேதி போட்டிருந்தோம். தேதி போய் மூன்று வாரம் ஆகிறது. ஆபீஸ் கம்ப்யூட்டரில் அவரால் நுழைய முடியாது. ஆனால் போனில் மெயில் படிக்கிறார் என்று தெரிய வந்தது. இது எப்படி?
– தொழிற்சாலை ஐடி பொறுப்பாளர்

எனக்கும் இது நடந்திருக்கிறது. பல வருடங்களுக்கு முன் நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு இடத்தில் வெள்ளிக்கிழமையோடு முடிய வேண்டிய கணக்கு அது. தேதியை நானே என் கையால் போட்டேன். திங்கட்கிழமை மாலை அந்த மனிதரிடமிருந்தே ஒரு மெயில் வந்தது, சம்பள பாக்கி பற்றி, ஆபீஸ் முகவரியிலிருந்தே. அவர் மேல் ஒரு தவறும் இல்லை, கதவு திறந்திருந்தது, அவ்வளவுதான். அன்றிலிருந்து எங்கே போனாலும் முதலில் இதைத்தான் பார்க்கிறேன்.

காரணம் இது. ஆக்டிவ் டைரக்டரியில் ஒரு கணக்கை நிறுத்துவது போலத் தோன்றும் விஷயங்கள் மூன்று: கணக்கை டிசேபிள் செய்வது, கணக்குக்கு முடிவுத் தேதி போடுவது, பாஸ்வேர்ட் காலாவதியாவது. ஆபீஸ் கம்ப்யூட்டரில் மூன்றும் ஆளைத் தடுக்கும். ஆனால் ஹேஷ் சிங்க்கில் கிளவுடுக்குப் போவது டிசேபிள் மட்டும்தான். கணக்கின் முடிவுத் தேதி போவதே இல்லை. பாஸ்வேர்ட் காலாவதியும் அப்படித்தான், சிங்க் ஆன கணக்கின் பாஸ்வேர்டை 'ஒருபோதும் காலாவதியாகாது' என்று கிளவுட் குறித்து வைத்துக்கொள்கிறது. ஆபீஸில் 90 நாளைக்கு ஒருமுறை மாற்றச் சொல்லும் விதி இருந்தாலும், ஆபீஸ் கம்ப்யூட்டரையே தொடாத ஒருவர் பழைய பாஸ்வேர்டோடு வருடக்கணக்கில் மெயில் பார்த்துக்கொண்டிருக்கலாம். பாஸ்வேர்ட் விஷயத்துக்கு என்ட்ரா பக்கம் மாற்றக்கூடிய ஒரு அமைப்பு உண்டு. முடிவுத் தேதிக்கு நீங்கள்தான் வழி செய்ய வேண்டும். தேதி கடந்த கணக்குகளைத் தேடி டிசேபிள் செய்யும் சின்ன பவர்ஷெல் ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதி, டாஸ்க் ஷெட்யூலரில் தினமும் இரவு ஓடவிடுங்கள். இரண்டே கட்டளைதான், அரை மணி நேர வேலை.

இப்போது இந்த ஊழியருக்கு என்ன செய்வது? முதலில் ஆக்டிவ் டைரக்டரியில் டிசேபிள் செய்யுங்கள். அடுத்த ஓட்டத்துக்கு 30 நிமிடம் காத்திருக்காமல் கையால் டெல்டா சிங்க் (மாறியதை மட்டும் அனுப்பும் ஓட்டம்) ஓட்டுங்கள். அதோடு விடக்கூடாது, அவர் போனில் ஏற்கெனவே லாகின் ஆகியிருக்கிறார் அல்லவா, அதனால் என்ட்ரா தளத்தில் அவர் பெயரைத் திறந்து எல்லா செஷன்களையும் ரத்து செய்யும் பொத்தானை அழுத்துங்கள். அதன் பிறகும் அவர் போனில் உள்ள டோக்கன் (லாகின் அனுமதிச் சீட்டு) ஒரு மணி நேரம் போல உயிரோடு இருக்கலாம், பதறாதீர்கள்.

இன்னொன்று. வேலையை விட்டுப் போகிறவர் பற்றி ஐடி பிரிவுக்கு யார் சொல்வது என்று உங்கள் மனிதவளப் பிரிவோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். தகவலே வராவிட்டால் எந்த ஸ்கிரிப்ட்டும் உதவாது.

பழைய ஊழியர்களை ஒதுக்க ஆக்டிவ் டைரக்டரியில் ஓயூக்களை (கணக்குகளைப் பிரித்து வைக்கும் பிரிவுகளை) மாற்றி அடுக்கினேன். அரை மணி நேரத்தில் 40 பேரின் மெயில்பாக்ஸ் காணோம். 140 பேர் உள்ள நிறுவனம் எங்களுடையது. பயந்துபோய் எழுதுகிறேன்.
– பெயர் வேண்டாம்

பயப்படாதீர்கள், அழிந்துவிடவில்லை. எந்தெந்த ஓயூக்களை சிங்க் செய்ய வேண்டும் என்று நிறுவும்போது டிக் போட்டிருப்பார்கள். டிக் இல்லாத ஓயூவுக்கு ஒருவரை நகர்த்தினால், அவர் இல்லாமலே போய்விட்டார் என்று என்ட்ரா கனெக்ட் எடுத்துக்கொண்டு கிளவுடில் நீக்கிவிடும். நீக்கிய கணக்கு 30 நாள் குப்பைத்தொட்டியில் இருக்கும். அந்த 40 பேரையும் பழைய ஓயூவுக்கே நகர்த்திவிட்டு சிங்க் ஓட்டுங்கள், கணக்கும் மெயில்பாக்ஸும் திரும்ப வரும். இதை இன்றே செய்யுங்கள்.

இப்படி மொத்தமாக நீக்குவதைத் தடுக்க ஒரு பாதுகாப்பு இருக்கிறதே, அது ஏன் தடுக்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். ஒரே ஓட்டத்தில் 500-க்கு மேல் நீக்க வேண்டி வந்தால்தான் அது நிறுத்தும், நிறுவும்போது வரும் எண் அதுதான். உங்களிடம் இருப்பதே 140 பேர். எல்லாரையும் நீக்கியிருந்தாலும் அது வாய் திறந்திருக்காது. சின்ன ஆபீஸ்களில் இந்த எண்ணை யாரும் மாற்றுவதில்லை என்பது எனக்கு ரொம்ப நாளாக உள்ள வருத்தம். பவர்ஷெல்லில் ஒரே வரியில் குறைத்துவிடலாம். உங்கள் அளவுக்கு 10 என்று வையுங்கள், அதற்கு மேல் போனால் சிங்க் நின்று உங்களுக்கு மெயில் வரும். அந்த மெயில் யார் முகவரிக்குப் போகிறது என்பதையும் பாருங்கள், பழைய அட்மின் ஒருவரின் முகவரி அங்கேயே இருக்கக்கூடும்.