வாசகர் கேள்வி பதில்: க்ரூட் கான்ஸ்டான்ஷியாவின் வைன் கிடங்கு

கேள்வி: விடுமுறைக்குக் கேப்டவுன் போகிறோம். க்ரூட் கான்ஸ்டான்ஷியாவில் பழைய வைன் கிடங்கை மியூசியமாக வைத்திருக்கிறார்களாமே! எங்கள் வீட்டில் யாரும் குடிப்பதில்லை. பார்க்க என்ன இருக்கிறது? (வாசகி, சாட்ஸ்வொர்த்)

பதில்: தாராளமாகப் போங்கள். அது ஒரு பழைய திராட்சைத் தோட்டம். 1685இல், கேப்டவுனைச் சுற்றிய 'கேப்' பகுதியில் டச்சு ஆட்சித் தலைவராக இருந்த சைமன் வான் டெர் ஸ்டெல்லுக்குக் கிடைத்த நிலம். 1778இல் ஹென்ட்ரிக் க்ளூட்டி வாங்கினார். மாளிகைக்குப் பின்னால் நிற்கும் இரண்டடுக்குக் கிடங்கு 1791இல் அவர் கட்டியது. 1885இல் தோட்டம் அரசு கைக்குப் போனது. 1925இல் மாளிகை எரிந்துபோக, அதைப் புதுப்பித்து மியூசியமாக்கினார்கள்.

கிடங்குக்குள் நுழையும் அவசரத்தில் முகப்பை விட்டுவிடாதீர்கள். மேலே முக்கோணத்தில் சிற்பி அன்டன் ஆன்ரைத் செய்த சுதை வேலை இருக்கிறது. கழுகு தூக்கிப்போன கனிமீட் என்ற இளைஞன், கிரேக்கக் கதையில் தேவர்களுக்கு மது ஊற்றுபவன். சுற்றிலும் திராட்சைக் குலைகளோடு கொழுகொழு குழந்தைகள். கோபுரச் சுதை பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது சட்டென்று பிடிபடும். உள்ளே, பழங்காலத்துச் சாடிகளிலிருந்து கண்ணாடி, வெள்ளிக் கிண்ணங்கள் வரை மது வைக்கவும் குடிக்கவும் பயன்பட்ட பாத்திரங்கள்.

கேள்வி: அங்கே அறுவடையே வெயில் காலத்தில்தானே? ஃபிரிட்ஜ் இல்லாமல் எப்படிச் சமாளித்தார்கள்? (வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

பதில்: ஆமாம், பிப்ரவரி, மார்ச்தான் அறுவடை. அங்கே அப்போது கோடை. திராட்சைச் சாறு நொதிக்கும்போது தானாகவே சூடேறும். 35 டிகிரியைத் தாண்டினால், சர்க்கரையை மதுவாக்கும் ஈஸ்ட் சோர்ந்துவிடும், மிச்சச் சர்க்கரையில் கெட்ட நுண்ணுயிர் புகுந்துவிடும். கிடங்குக்குத் தடித்த சுவர் வைத்தது அந்தச் சூட்டை அடக்கத்தான்.

அடுத்த எதிரி காற்று. பீப்பாயின் மரப்பலகை வழியே வைன் கொஞ்சங்கொஞ்சமாக ஆவியாகும். மேலே இடைவெளி விழுந்தால் காடியாகிவிடும். அதனால் அவ்வப்போது வாய் விளிம்புவரை நிரப்பியாக வேண்டும். காலிப் பீப்பாய்க்குள் கந்தகத் திரி கொளுத்தி அடைத்துவைத்தால் பூஞ்சை பிடிக்காது. ஆனால் காய்ந்தால் பலகை சுருங்கி ஒழுகும். எனவே நிரப்புவதற்கு முன் தண்ணீர் ஊற்றி ஊறவைக்க வேண்டும்.

நெப்போலியன் செயின்ட் ஹெலினா தீவில் குடித்த கான்ஸ்டான்ஷியா வைன் இனிப்பு வகை. பழத்தைக் கொடியிலேயே சுருங்கவிட்டுப் பறித்தால் சர்க்கரை செறிந்துவிடும். முழுவதையும் ஈஸ்ட்டால் தின்று தீர்க்க முடியாது.

கேள்வி: இதில் நம்மவர்கள் யாராவது உண்டா? (வாசகர், டோங்காட்)

பதில்: 1860 நவம்பர் 16இல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் ஒப்பந்தத் தொழிலாளர்களோடு டர்பன் வந்ததைத்தான் இந்த நாட்டில் நம்மவர் வரலாற்றின் தொடக்கமாக நாம் சொல்கிறோம். அதற்கு வெகு முன்பே, பழவேற்காடும் நாகப்பட்டினமும் டச்சுக்காரர்களிடம் இருந்த நாள்களில், சோழமண்டலக் கரை ஆட்கள் அடிமைகளாகக் கேப்புக்குக் கொண்டுவரப்பட்டார்கள். க்ளூட்டியின் தோட்டமும் அடிமைகளின் உழைப்பில் நடந்ததுதான். பழைய கேப் ஆவணங்களைப் புரட்டினால் பெயருக்குப் பின்னால் 'வான் கோரமண்டல்', 'வான் டி குஸ்ட்' என்று வருகிறதா பாருங்கள். டச்சு மொழியில் 'குஸ்ட்' என்றால் கரை. அவர்கள் சொன்னது நம் கரையை.