வேலூர்ல ஏழைப் பசங்க படிப்புக்கு உதவணும், நோட்டு பென்சில் வாங்கிக் குடுத்தா போதுமா?

போதாதுங்க. அரசுப் பள்ளியில புக், நோட்டு, யூனிஃபார்ம், பை எல்லாம் ஃப்ரீயாவே வருது, 2023 ஆகஸ்ட்லேர்ந்து ஒன்னுலேர்ந்து அஞ்சாவது வரைக்கும் காலை டிபனும் உண்டு. நாம மறுபடியும் நோட்டு குடுத்து போட்டோ எடுத்துக்கிறது நம்ம திருப்திக்குத்தான்.

பிரச்சனை சாயங்காலம் ஆரம்பிக்குது. பீடி சுத்துற வீடுங்க இருக்கிற தெருவுல நான் வாரம் மூணு நாள் பசங்களுக்கு சொல்லிக் குடுக்கறேன், அங்க மூணாவது படிக்கிற ஒரு பொண்ணு, அம்மா மடியில முறத்த வச்சு தூள் போட்டு உருட்ட உருட்ட இவ பக்கத்துல உக்காந்து நுனி மடிச்சிட்டே எனக்கு வாய்ப்பாடு ஒப்பிக்கும், ஏழாம் வாய்ப்பாடு வந்தா மட்டும் கை நின்னுடும். அந்தம்மாவ குறை சொல்ல முடியாதுங்க, எண்ணிக்கைக்குத்தான் கூலி.

அதனால உங்க நேரத்த குடுங்க. சாயங்காலம் சொல்லிக் குடுக்கும்போது பசங்கள வயச பாக்காம படிக்கிற லெவல பாத்து பிரிங்க, அரசுப் பள்ளியில சின்ன வகுப்புக்கு இருக்கிற எண்ணும் எழுத்தும் திட்டத்துல அரும்பு, மொட்டு, மலர்னு மூணு லெவலா பிரிக்கிறாங்கல்ல, அதே மாதிரி. உருது பேசற வீட்டுப் பசங்களுக்கு தமிழ் எழுத்து லேட்டா வரும், அத மக்குன்னு சொல்லிடாதீங்க (நானே மொதல்ல அப்படி நெனச்சேன்).

இன்னொன்னு, பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருந்தா ஒன்னாவதுலேர்ந்தே மத்திய அரசு ஸ்காலர்ஷிப் இருக்கு, ஆன்லைன்ல போடணும். நிறைய பேருக்கு அது தெரியாது, தெரிஞ்சாலும் ஆதார்ல ஒரு பேரு பேங்க் பாஸ்புக்ல ஒரு பேருன்னு இருந்து மாட்டிக்குது. அத கூட உக்காந்து சரி பண்ணிக் குடுங்க, நூறு நோட்ட விட அது பெருசு.