பொன்னாடையும் கம்பளியும்

அன்புள்ள ஐயா,

கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைத் தோட்ட லைனில் இருக்கிறோம். மழை நாளில் ரோட்டில் விழும் மரத்தை வெட்டித் தள்ளுவது, நோயாளியைக் கம்பளியில் தொட்டில் கட்டி ஜீப் நிற்கும் இடம்வரை தூக்கிப் போவது என்று எங்கள் பையன்கள் சிலர் ஓடிக்கொண்டே இருக்கிறார்கள். பொங்கலுக்கு விழா வைத்து அவர்களைக் கௌரவிக்க வசூல் செய்தோம். 12,000 ரூபாய் சேர்ந்தது. பொன்னாடை, கேடயம், ஃப்ளெக்ஸ், எம்.எல்.ஏ. என்று ஒரு தரப்பு. ‘சேவைக்கு மாலை போட்டால் அது கூலியாகிவிடும்’ என்கிறார் பெரியவர் ஒருவர். பையன்களில் ஒருவன் மேடை ஏறவே மாட்டேன் என்கிறான். என்ன செய்யலாம்?

ஆர்., கோத்தகிரி

அன்புள்ள ஆர்.,

பெரியவர் சொல்வதை நான் ஏற்கவில்லை. கேட்க உயர்வாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பேச்சு எப்போதும் உதவி வாங்கிய பக்கத்திலிருந்துதான் வருகிறது, கவனித்தீர்களா? நன்றி சொல்லும் செலவு அதில் மிச்சம்.

உங்களுக்குப் பக்கத்திலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. 2021 டிசம்பர் 8 அன்று முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் வந்த ஹெலிகாப்டர் குன்னூரை அடுத்த நஞ்சப்பசத்திரத்தில் விழுந்தது. முதலில் ஓடியவர்கள் அங்கே குடியிருந்த சனங்கள்தான், பெரும்பாலும் அன்றாடம் கூலி வேலைக்குப் போகிறவர்கள். குடத்திலும் வாளியிலும் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிப் பார்த்தார்கள். காயம்பட்டவர்களைத் தூக்க எதுவும் இல்லாமல் வீட்டிலிருந்த கம்பளிகளை எடுத்துக் கொடுத்தார்கள். டிசம்பர் மாதத்து நீலகிரியில் வீட்டுக் கம்பளியைக் கொடுப்பது என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் நடந்ததுதான் எனக்குப் பிடித்தது. அப்போதைய டிஜிபி சைலேந்திரபாபு நேரில் வந்து அவர்களுக்குக் கம்பளி கொடுத்தார். ராணுவம் அந்த ஊரை ஓராண்டுக்குத் தத்தெடுத்து, மாதம் ஒருமுறை மருத்துவரும் செவிலியரும் வருவார்கள் என்று அறிவித்தது. போன பொருள் திரும்பி வந்தது, இல்லாத வசதியும் கொஞ்ச நாளைக்காவது கிடைத்தது. கூலி என்று யாரும் அதைச் சொல்லவில்லை.

அதனால் உங்கள் 12,000 ரூபாயை ஃப்ளெக்ஸில் போடாதீர்கள். பொன்னாடையும் வேண்டாம், நம் ஊர்க் குளிருக்கு அது எதைத் தாங்கும்! பையன்களையே கேளுங்கள். நல்ல மழைக்கோட்டு, முழங்கால்வரை வரும் பூட்ஸ், நெற்றியில் மாட்டும் டார்ச், கனமான கயிறு என்றுதான் சொல்வார்கள். ராத்திரி கொட்டும் மழையில் ஒரு கையில் செல்போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் மரம் அறுக்கிறவனுக்கு இதற்கு மேல் என்ன கேடயம்?

மேடையில் யார் பேசுவது என்பதுதான் பெரிய விஷயம். எம்.எல்.ஏ. வரட்டும், தவறில்லை, ஆனால் அவருக்கு இவர்கள் செய்தது தெரியாது. ‘தன்னலமற்ற சேவை’ என்று எல்லா ஊரிலும் சொன்னதையே இங்கும் சொல்லிவிட்டுப் போவார். தொட்டிலில் தூக்கிப் போகப்பட்டவரோ அவர் வீட்டு ஆளோ பேசட்டும். எந்த ராத்திரி, எந்த வளைவில் கால் வழுக்கியது, யார் தோள் மாற்றினார்கள் என்று அவருக்குத்தான் தெரியும். அப்படிக் கேட்கும்போது உங்கள் பட்டியலில் விடுபட்டவர்களும் வெளியே வருவார்கள். கடிதத்தில் பையன்கள் மட்டுமே இருக்கிறார்கள். நோயாளியோடு ஆஸ்பத்திரியில் ராத்திரி தங்கிய அக்கா யார்? அந்த வீட்டுக் குழந்தைகளுக்குச் சோறு போட்டது யார்? விசாரியுங்கள்.

வர மாட்டேன் என்கிற பையனை வற்புறுத்த வேண்டாம். அவனுக்கான மழைக்கோட்டை அவன் வீட்டிலேயே கொண்டுபோய்க் கொடுங்கள்.

கடைசியாக, தேதி. கூடலூர், அவலாஞ்சி பக்கம் தென்மேற்குப் பருவமழையில்தான் அடி. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. கோத்தகிரி, குன்னூர் பக்கம் வடகிழக்கு மழைதான் ஆபத்து. நாற்பதுக்கும் மேற்பட்டவர்களைப் பலிகொண்ட 2009 மண்சரிவுகள் நவம்பரில்தான் நடந்தன. பொங்கலுக்குக் கோட்டும் பூட்ஸும் கொடுத்தால் மழை போன பிறகு கொடுத்ததாகிவிடும். ஆயுத பூஜைக்கே வைத்துவிடுங்கள். மரம் அறுக்கும் ரம்பத்துக்கும் அன்றைக்குத்தானே பொட்டு வைக்கிறோம். பூட்ஸ் சைஸை மட்டும் முன்னாலேயே கேட்டுவிடுங்கள், எல்லாருக்கும் ஒன்பதாம் நம்பர் வாங்கிவிடப் போகிறீர்கள்.