ஆட்டத்தாலேயே தம் கூடுமா?

கல்லூரி அணியில் உள்ளரங்கக் கால்பந்து ஆடுகிறோம், இரண்டாம் பாதியில் மூச்சு முட்டுகிறது, தனியாக ஓட நேரமில்லை, பயிற்சி ஆட்டங்களாலேயே தம்மை, அதாவது மூச்சு வாங்காமல் தாக்குப்பிடிக்கும் திறனை, கூட்ட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். ஆனால், நீங்கள் இப்போது ஆடிக்கொண்டிருக்கும் ஆட்டத்தால் முடியாது என்றே நினைக்கிறேன். டர்ஃபை ஒரு மணி நேர வாடகைக்கு எடுத்து, வந்தவர்களையெல்லாம் இரண்டாகப் பிரித்து ஆடுகிறீர்கள் என்றால், அதில் பாதி நேரம் வெளியே போன பந்தை எடுத்து வரவும், விழுந்தது கோலா இல்லையா என்று வாதிடவுமே கழிந்துவிடும்.

மதுரை ஒத்தக்கடைப் பக்கம் ஒரு கல்லூரி அணிக்குப் பயிற்சி கொடுத்து வருகிறேன். மூவருக்கு மூவர் ஆடவிட்டதைப் பார்த்த மூத்த பயிற்சியாளர் ஒருவர், "பையன்களை விளையாடவிட்டு வேடிக்கை பார்க்கிறீர்களே சார், ரேஸ் கோர்ஸைச் சுற்றி ஓடவிடுங்கள்" என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். அது இன்னும் உறுத்துகிறது. 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம் கொண்ட களத்தில், கோல்கீப்பர் நீங்கலாக அணிக்கு நால்வர் மட்டுமே ஆடும்போது, சில நொடிகள் பாய்வதும் சட்டென நின்று திரும்புவதும்தான் ஆட்டம். பந்து வெளியே போனால் கடிகாரம் நிற்பதால், 20 நிமிடப் பாதி உண்மையில் அதைவிட வெகுநேரம் நீளும். ஒரே சீராக ஓடிப் பழகிய கால்கள் இதற்கு முழுவதுமாகத் தயாராவதில்லை.

நான் செய்வது இதுதான். நான்கு நிமிட ஆட்டம், மூன்று நிமிடம் மெதுவான நடை. இப்படி நான்கு முறை. கோல்கீப்பர் கிடையாது, கூம்புகளை வைத்துச் சிறிய கோல். கோட்டோரம் பந்துகளை வரிசையாக வைத்திருப்பேன். ஒன்று வெளியே போன நொடியில் அடுத்தது உள்ளே வந்துவிடும். அணியின் மூவரும் நடுக்கோட்டைத் தாண்டியிருந்தால்தான் கோல் செல்லும். தன் பாதியிலேயே நின்றுகொண்டு பாஸ் மட்டும் கொடுத்துப் பழகிய பையன் ஒருவன், இந்த விதி வந்த அன்று இரண்டாவது சுற்றிலேயே முழங்காலில் கையூன்றிக் குனிந்துவிட்டான். "தாண்டுடா, தாண்டுடா" என்று கூட்டாளிகள் கத்திய கத்தலில் நான் ஊக்கப்படுத்த வேண்டிய தேவையே இருக்கவில்லை.

சுற்று முடிந்ததும் கழுத்தில் விரல் வைத்து, பத்து நொடிக்கு நாடி எண்ணச் சொல்லுங்கள். இருபது வயதுக்காரருக்கு உச்சத் துடிப்பு ஏறத்தாழ 200 என்று கொண்டால், பத்து நொடியில் 30, அதாவது நிமிடத்துக்கு 180 வந்தால் சரியான உழைப்பு. 25 என்றால் ஆளைக் குறையுங்கள் அல்லது களத்தை அகலமாக்குங்கள். இது தோராயக் கணக்குதான். வெக்கையே துடிப்பை ஏற்றிவிடும் என்பதால், தகரக் கூரைக்குக் கீழே சித்திரை மாத மாலையில் வரும் எண்ணை நம்ப வேண்டாம்.

ஓட்டமே கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொண்டு யாரும் சண்டைக்கு வர வேண்டாம். கால் நுணுக்கம் உள்ளவன் ஆட்டத்தில் அதிகம் ஓடாமலே சமாளித்துவிடுவான். அவனுக்கும் கோல்கீப்பருக்கும் தனிப் பயிற்சி தேவை. இந்த ஆட்டப் பயிற்சி வாரம் இரண்டு நாள் போதும். போட்டிக்கு முந்தைய நாள் கூடாது. கோடையில் காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுவது நல்லது, அந்நேரத்துக்கு அரங்கத்தின் சாவியைக் கொடுக்க உங்கள் கல்லூரியிலாவது ஆள் இருந்தால். எங்களுக்கு ஆண்டு விழா ஒத்திகை போகத்தான் அரங்கம் கிடைக்கிறது.